கிலோ இல்லாத இடத்தில் பீரியடைசேஷன்: உடம்பை வைத்தே பலம் ஏற்றுபவர்கள் எந்தத் திட்டத்தைத் தேர்வது?

எங்கள் தேயிலைத் தோட்டத்து மைதானத்தின் ஓரத்தில், இரண்டு சீமெந்துத் தூண்களுக்கு நடுவே ஓர் இரும்புக் குழாய் போட்டிருக்கிறோம். மாலை ஐந்து மணி தாண்டினால் ஏழெட்டுப் பேர் வந்துவிடுவார்கள். ஏ/எல் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த தம்பி ஒருவன் ஒரு நாள் போனை நீட்டினான். பன்னிரண்டு வாரத் திட்டம். முதல் வாரம் 60 சதவீதம், ஐந்தாம் வாரம் 75, கடைசி வாரம் 95 என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது. ஒருவர் ஒரே ஒரு தடவை தூக்கக்கூடிய உச்ச பாரத்தில் இத்தனை சதவீதம் என்று அர்த்தம்.

“அண்ணே, எல்லாத்துக்கும் சதவீதம் போட்டிருக்கு. என் உடம்புல அறுபது சதவீதத்த மட்டும் எப்படித் தூக்குறது?”

நல்ல கேள்வி. ஜிம்முக்குப் போகாமல் சொந்த உடம்பை வைத்தே பலம் ஏற்ற நினைக்கும் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் டவுனில் ஜிம் இருக்கிறது. ஆனால் வேலை முடிந்து பஸ் ஏறிப் போய்த் திரும்புவதற்குள் இருட்டிவிடும்; மாதக் கட்டணத்தையும் யோசிக்க வேண்டும். ஆகவே குழாய், இஸ்தோப்பு (வீட்டு முன்திண்ணை), லயத்து வரிசை வீடுகளின் படிக்கட்டு, இவைதான் நம்முடைய ஜிம். இவற்றுக்கு எந்தத் திட்டம் பொருந்தும் என்று பார்க்க, அந்தச் சதவீதக் கட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று முதலில் தெரிய வேண்டும்.

பீரியடைசேஷன் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பயிற்சிக் காலத்தைக் கூறு போட்டு, எந்தக் கூறில் எண்ணிக்கை (எத்தனை தடவை) கூடும், எந்தக் கூறில் கடுமை (எவ்வளவு பாரம்) கூடும், எப்போது இறக்கிவிட வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்வது. காலப்பகுப்பு என்று சொல்லலாம். எண்ணிக்கை, கடுமை இரண்டையும் ஒரே சமயத்தில் உச்சத்தில் வைத்திருக்க உடம்பு இடம் கொடுக்காது. அதனால்தான் பகுப்பு தேவைப்படுகிறது.

1936-இல் ஹான்ஸ் செல்யே என்ற ஆய்வாளர், உடம்புக்கு நெருக்கடி வந்தால் முதலில் அதிர்ச்சி, பிறகு தாங்குதல், நெருக்கடி ஓயாவிட்டால் கடைசியில் சோர்வு என்று மூன்று கட்டங்களாக எழுதினார். பயிற்சியாளர்கள் பிற்பாடு அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1940-களில், போரில் அடிபட்டு வந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு வைத்தியம் பார்த்த தாமஸ் டிலோர்ம், பாரத்தைப் படிப்படியாக ஏற்றும் முறையை ஒழுங்குபடுத்தினார். பத்துத் தடவை தூக்கக்கூடிய பாரத்தில் பாதி, முக்கால், முழுசு என்று மூன்று செட் (நிறுத்தாமல் ஒரே தொடராகச் செய்வது ஒரு செட்). இன்றைக்கும் எல்லோரும் சொல்லும் ‘பத்து பத்தா மூணு செட்’டின் ஊற்று அங்கேதான். 1960-களில் சோவியத் ரஷ்யாவின் லெவ் மத்வேயெவ், ஒலிம்பிக் வீரர்களின் வருடத்தையே பகுத்தார்: தொடக்கத்தில் எண்ணிக்கை அதிகம், கடுமை குறைவு; போட்டி நெருங்க நெருங்க எண்ணிக்கை இறங்கி, கடுமை ஏறும். 1981-இல் ஸ்டோன், ஓ’பிரையன்ட், கார்ஹாமர் மூவரும் அதைப் பாரம் தூக்கும் பயிற்சிக்கு ஏற்ற மாதிரி எழுதினார்கள். நேர்கோட்டு முறை என்று இன்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். 1988-இல் சார்ல்ஸ் பொலிக்வின் வேறு யோசனை சொன்னார். மாதக் கணக்கில் ஒரே திசையில் ஏறாமல், குறுகிய காலத்துக்குள்ளேயே ஏற்றி இறக்கலாம் என்றார். அது அலை முறை.

இந்த முறைகளை வகுத்தவர்கள் எல்லோரிடமும் பாரத்தட்டு இருந்தது. ஒலிம்பிக் காலப்பகுப்புக்குப் போட்டித் திகதியும் இருந்தது. நம்மில் பெரும்பாலானவர்களிடம் இரண்டும் கிடையாது. தட்டு இருப்பவன் இன்றைக்கு 60 கிலோ தூக்கினால் அடுத்த வாரம் 62.5 போடுவான். நமக்கு அடுத்த படி எங்கே இருக்கிறது?

சாதாரண புஷ்-அப்பில் உடம்பு எடையில் ஏறத்தாழ 64 சதவீதம் கைகளில் இறங்குகிறது. இது அளந்து பார்க்கப்பட்ட கணக்கு. முழங்காலை ஊன்றினால் 49 சதவீதம். கையை ஓர் அடி உயரத்தில் வைத்தால் 55, இரண்டு அடி உயரத்தில் வைத்தால் 41. மறுபக்கம், காலை ஓர் அடி உயர்த்தினால் 70, இரண்டு அடி உயர்த்தினால் 74. அறுபது கிலோ தம்பி ஒருவனுக்கு இதைக் கிலோவாக்கினால் 24.6, 29.4, 33, 38.4, 42, 44.4 என்று ஒரு வரிசை வரும். அவன் கேட்ட சதவீதத்துக்குப் பதில் அவன் கைக்கடியிலேயே இருந்திருக்கிறது.

சிக்கல் அதற்கு மேலேதான். 44 கிலோவுக்கு அப்புறம் எல்லோரும் தாவப் பார்ப்பது ஒற்றைக் கை புஷ்-அப்புக்கு. சாதாரண புஷ்-அப்பில் இரண்டு கைகளும் ஆளுக்குப் பத்தொன்பது கிலோ பங்கு போட்டுக்கொண்டன. இப்போது ஒரே கை கிட்டத்தட்ட முழுவதையும் சுமக்க வேண்டும். இரண்டு மடங்கு. இரண்டு காலில் பஸ்கி எடுப்பவன் ஒற்றைக் காலுக்குப் போகும்போதும் இதே கதைதான். ஜிம்மில் ஒருவன் 60 கிலோவிலிருந்து மறுநாள் 120-க்குப் போக மாட்டான். நாம் போகப் பார்க்கிறோம். தோளும் முழங்கையும் வலிக்கின்றன. “நமக்கு இது சரிவராது” என்று விட்டுவிடுகிறோம். உடல்எடைப் பயிற்சி நின்றுபோன பலரிடம் நான் கேட்ட கதை இதுதான். நேர்கோடா, அலையா என்ற கேள்விக்கு முன்னால் இந்தத் தாவலைச் சின்னச் சின்னப் படிகளாக உடைக்க வேண்டும். படி பெரிதாக இருந்தால் எந்தக் காலப்பகுப்பும் நிற்காது.

உடைப்பதற்கு மலைநாட்டைவிட வசதியான இடம் கிடையாது என்று உண்மையாகவே நினைக்கிறேன். ஒரு லயத்திலிருந்து அடுத்த லயத்துக்குப் போகும் படிக்கட்டைப் பாருங்கள். ஒவ்வொரு படியும் ஆறேழு அங்குலம். கீழே நின்று ஆறாம் படியில் ஒரு கையை ஊன்றி ஒற்றைக் கை புஷ்-அப் எடுத்தால், உடம்பு சாய்ந்து நிற்பதால் பாரம் குறைவு. அந்தப் படியில் ஐந்து செட், ஐந்தைந்து தடவை சுத்தமாக வந்தால் ஐந்தாம் படிக்கு இறங்கலாம். அப்புறம் நாலு, மூன்று. தரை வரைக்கும் இறங்க ஒரு வருடம் ஆகலாம், ஆகட்டும். ஒவ்வொரு படியும் ஒரு தட்டு. கையை மாற்றும்போது இடுப்பு திரும்பினால் அந்தப் படி இன்னும் உங்களுடையதாகவில்லை.

ஒற்றைக் கால் பஸ்கிக்கும் அதே படிக்கட்டு போதும். உயரமான படியில் உட்கார்ந்து ஒரு காலால் எழும்புவது, பிறகு தாழ்ந்த படியில் உட்கார்ந்து எழும்புவது. ஏற்கெனவே முழங்கால் நோவு உள்ளவர்கள் உயரத்திலேயே நின்றுகொள்ளட்டும், அவசரம் இல்லை.

புல்-அப்புக்கு வேறு வழி. குழாயில் தொங்கும்போது ஏறத்தாழ முழு எடையும் கையில் இருக்கிறது. ஒன்றுகூட வராதவர்கள், புளொக்கல் மேல் ஏறி நின்று, மேலிருந்து ஐந்து செக்கன் எடுத்து மெதுவாக இறங்கிப் பழகலாம். ஏழெட்டுச் சுத்தமாக எடுப்பவர்களுக்குப் பழைய ஸ்கூல் பேக் ஒன்றும் தண்ணீர் போத்தல்களும் போதும். அரை லீட்டர் போத்தல் அரைக் கிலோ, கணக்கில் பிசகு வராது. அறுபது கிலோ ஆளுக்கு அரைக் கிலோ என்பது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஜிம் தட்டைவிட நுணுக்கமான ஏற்றம்.

படிகளை இப்படி ஒழுங்காக ஏறினால் பலன் உண்டா என்றால், உண்டு. 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஒரு குழு பெஞ்ச் பிரெஸ் (வாங்கில் மல்லாந்து படுத்துப் பாரத்தை மேலே தள்ளுவது) செய்தது, இன்னொரு குழு புஷ்-அப்பைப் படிப்படியாகக் கடினமாக்கிக்கொண்டே போனது. நான்கு வாரத்தில் இரண்டு குழுவுக்கும் பெஞ்ச் பிரெஸ் பலம் கூடியது. நான்கு வாரம் சின்னக் காலம்தான். ஆனாலும் படி முறையில் நம்பிக்கை வைக்க அது போதும்.

படி கைக்கு வந்த பிறகுதான் காலப்பகுப்பு.

பயிற்சி தொடங்கி ஆறு மாதம்கூட ஆகாதவர்களுக்கு என் பதில் சுருக்கமானது: எந்தப் பகுப்பும் வேண்டாம். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு அசைவுக்கும் ஓர் எல்லை. உதாரணத்துக்கு ஐந்திலிருந்து எட்டு வரை. ஐந்து வந்தால் அந்தப் படியிலேயே நின்று ஆறு, ஏழு, எட்டு என்று ஏற்றுங்கள். மூன்று செட்டிலும் எட்டு வந்ததும் அடுத்த படி. அங்கே மறுபடி ஐந்து. முன்னேற்றம் தானாக வந்துகொண்டிருக்கும்போது அதைப் பன்னிரண்டு வாரக் கட்டங்களுக்குள் திணித்தால் வேகம் குறையத்தான் செய்யும். திட்டத்தில் ‘மூன்றாம் வாரம் இலகு’ என்று போட்டிருப்பதால், எடுக்கக்கூடியதை எடுக்காமல் நிற்கும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். பாவமாக இருக்கும்.

இந்தக் கட்டத்தில் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். தசை சீக்கிரம் பழகும், தசைநார் மெதுவாகப் பழகும். ஆறு வாரத்தில் புஜம் ‘ரெடி’ என்று சொல்லும்போது முழங்கை இன்னும் தயாராகியிருக்காது. அடுத்த படிக்குப் போகலாம் போலத் தோன்றினாலும் ஒரு வாரம் கூடுதலாக அதே படியில் நிற்பது நஷ்டமில்லை.

ஒரு நாள் வரும். மூன்று நான்கு வாரமாக எட்டு எட்டாகவே நிற்கும், ஏழாகவும் இறங்கும். தூக்கம், சாப்பாடு எல்லாம் சரியாக இருந்தும் ஏறாது. அப்போதுதான் பகுப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். அங்கே என் தேர்வு, பெரும்பாலானவர்களுக்கு, வாரத்துக்குள்ளேயே ஏறி இறங்கும் அலை முறை.

ஆய்வுகள் இதில் என்ன சொல்கின்றன? 2002-இல் இருபது பேரை வைத்து பன்னிரண்டு வாரம் நடந்த ஓர் ஆய்வில், தினம் தினம் மாற்றும் அலை முறை நேர்கோட்டு முறையை முந்தியது. அதைப் பிடித்துக்கொண்டு ‘அலைதான் சிறந்தது’ என்று பலர் எழுதினார்கள். 2015-இல் இப்படிப்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த மீளாய்வில் இரண்டுக்கும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. ஏதாவது ஒரு பகுப்பு வைத்துக்கொள்வது, பகுப்பே இல்லாமல் ஒரே மாதிரிச் செய்வதைவிட நல்லது என்பதற்குத்தான் ஆதாரம் அதிகம். இந்த ஆய்வுகள் பெரும்பாலும் பாரத்தட்டு வைத்துச் செய்தவை. பெரும்பாலும் சில வாரங்கள், சில மாதங்கள். எனவே ‘எது சிறந்தது’ என்று சண்டை பிடிப்பதைவிட, ‘என் படிகளுக்கும் என் வாரத்துக்கும் எது பொருந்தும்’ என்று கேட்பதுதான் பிரயோசனம்.

அலை முறை நமக்குப் பொருந்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நேர்கோட்டு முறையில் முதல் நான்கு வாரம் இலகுவான படியில் நிறையத் தடவை, அடுத்த நான்கு வாரம் கடினமான படியில் கொஞ்சத் தடவை என்று போகும். தட்டில் 60 கிலோவும் 80 கிலோவும் ஒரே அசைவு. படிக்கட்டில் அப்படி இல்லை. இரண்டு கை புஷ்-அப்பும் ஒற்றைக் கை புஷ்-அப்பும் வேறு வேறு கலை. சமநிலை வேறு, இடுப்பு பிடித்து நிற்கும் விதம் வேறு. நான்கு வாரம் ஒற்றைக் கையைத் தொடாமல் இருந்துவிட்டுப் போனால், பலம் இருந்தும் அசைவு மறந்திருக்கும். வாரத்துக்கு ஒரு தடவையாவது கடினமான படியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது கைவிட்டுப் போகாது.

அந்தத் தம்பிக்கு நாங்கள் போட்டதை அப்படியே சொல்கிறேன். அவனுக்கு அப்போது சாதாரண புஷ்-அப் 22, புல்-அப் 7. திங்கட்கிழமை கடின நாள்: ஐந்தாம் படியில் ஒற்றைக் கை புஷ்-அப், பக்கத்துக்கு மூன்று தடவை, ஐந்து செட், பேக்கில் மூன்று கிலோவோடு புல்-அப், மூன்று தடவை, ஐந்து செட். செட்டுக்கு நடுவே மூன்று நிமிடம் முழுசாக இளைப்பாற வேண்டும். புதன்கிழமை இலகு நாள்: தரையில் சாதாரண புஷ்-அப் பன்னிரண்டு பன்னிரண்டாக மூன்று செட், தாழ்வான கம்பியில் காலை நீட்டிச் சாய்ந்து இழுப்பது பத்துப் பத்தாக மூன்று. வெள்ளிக்கிழமை நடுத்தர நாள்: காலை வாங்கில் வைத்து புஷ்-அப் எட்டெட்டாக நான்கு செட், சாதாரண புல்-அப் ஐந்தைந்தாக நான்கு. ஒற்றைக் கால் பஸ்கி திங்களும் வெள்ளியும். அடுத்த வாரம் கடின நாளில் ஏதாவது இரண்டு செட்டில் மட்டும் ஒரு தடவை கூட்டுவது. மூன்று வாரம் இப்படி, நான்காம் வாரம் எல்லா நாளிலும் செட்டைப் பாதியாக்குவது. அசைவு அதே, படி அதே, செட் மட்டும் பாதி.

எந்த நாளிலும் முடியாமல் விழும் வரை போவதில்லை. ‘இன்னும் இரண்டு வரும்’ என்று தெரியும்போதே இறங்கிவிட வேண்டும். தட்டுக்காரர்களுக்குச் சதவீதம் எப்படியோ, நமக்கு இந்தக் கையிருப்புக் கணக்கு அப்படி. இதை ஆரம்பத்தில் யாரும் சரியாகக் கணிப்பதில்லை. “ஏழோட இறங்குடா” என்று சத்தம் போட்டால், “அண்ணே, இன்னும் வரும்” என்று தொங்கிக்கொண்டே இருப்பான். ஒரு மாதம் போனால் கை தானே சொல்லத் தொடங்கும்.

நேர்கோட்டு முறையை நான் ஒதுக்கவில்லை. திகதி இருப்பவர்களுக்கு அதுதான் நேரான வழி. பொலிஸ், இராணுவ ஆட்சேர்ப்பின் உடற்தகுதிச் சோதனையோ, பாடசாலை விளையாட்டுப் போட்டியோ மூன்று மாதத்தில் வருகிறது என்றால், முதல் ஆறு வாரம் எண்ணிக்கையைக் கட்டி, அடுத்த நான்கு வாரம் கடுமையைக் கூட்டி, கடைசி ஒன்றரை வாரம் செட்டைக் குறைத்துப் புத்துணர்ச்சியோடு போகலாம். சோதனையில் கேட்கும் அசைவையே கடைசி வாரங்களில் செய்ய வேண்டும். நேரம் வைத்து புஷ்-அப் எண்ணுவார்கள் என்றால் ஒற்றைக் கைப் படிக்கட்டு அங்கே உதவாது.

கூறு முறை, அதாவது சில வாரம் ஒரே குறிக்கோளில் குவிந்து மற்றதையெல்லாம் காப்பாற்றும் அளவுக்கு மட்டும் செய்வது, ஒரே ஒரு வித்தையைப் பிடிக்க நினைப்பவர்களுக்கு. குழாய்க்கு மேலே உடம்பையே ஏற்றும் மசில்-அப் மாதிரி. பல வருடம் பழகியவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இப்போதைக்குத் தேவையில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் மாலையில் வரும் இளைஞர்களுக்கான கணக்கு. மலையில் இருக்கும் எல்லோருடைய உடம்பும் மாலையில்தான் வேலையைத் தொடங்குகிறது என்றில்லை.

எங்களோடு கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவரும் வருகிறார். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்றால் மாலை நிறுவை முடியும் வரை சரிவில் ஏறி இறங்குவதுதான் அவர் நாள். பேர் விழ, அதாவது முழு நாள் சம்பளம் கிடைக்க, 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் கணக்கு. கூடையின் கயிறு தலையில், பாரம் முதுகில். விரல்கள் காலையிலிருந்து ஓயாமல் மூடித் திறக்கின்றன. அவர் வந்து குழாயைப் பிடித்துத் தொங்கும்போது, அந்த முன்கை அன்றைக்கு ஏற்கெனவே ஆயிரக்கணக்கான தடவை வேலை செய்துவிட்டது. தம்பிமாருக்குப் போட்ட அதே எண்ணிக்கையை அவருக்குப் போட்டதில் மூன்றாவது வாரமே முழங்கை உள்பக்கம் நோவு வந்தது. பிழை என்னுடையது. அவருடைய வேலையை நான் பயிற்சிக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இப்போது அவருக்கு வேலை நாட்களில் தொங்குவது கிடையாது. வாரத்தில் ஒரு மாலை படிக்கட்டில் புஷ்-அப், இடுப்பைத் தரையிலிருந்து உயர்த்தும் பாலம், ஒற்றைக் கால் எழும்பல், பதினைந்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முழுப் பயிற்சி, அதில்தான் இழுக்கும் அசைவு. எண்ணிக்கை முழுவதும் மலையிலேயே நடந்துவிடுவதால், அவருக்கு வேண்டியது குறைந்த தடவையில் கொஞ்சம் கடுமை மட்டும்தான். “தம்பி, இப்ப கூடை தூக்கையில முதுகு பிடிக்கிறதில்ல” என்றார் ஒரு நாள். மத்வேயெவின் கட்டத்தில் கொழுந்துக் கூடைக்கு இடமில்லை. நம் கட்டத்தில் அதுதான் முதல் வரி.

அதனால் பகுப்பைப் போடும்போது நான் முதலில் திறப்பது நாட்காட்டியை. சித்திரை, வைகாசியில் கொழுந்து பொங்கி வரும். தோட்ட வேலை செய்பவர்களுக்கு அது பயிற்சியில் ஏறும் காலம் இல்லை, காப்பாற்றும் காலம். வருடத் தொடக்கத்தின் வறண்ட வாரங்களில் கொழுந்து குறையும், அப்போது ஏறலாம். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் வைகாசிக் கடைசியில் தென்மேல் மழை பிடித்தால் ஆவணி வரைக்கும் குழாய் காய்வதே அரிது. ஈரக் குழாயில் கை வழுக்கும். சாக்கைச் சுற்றிக் கட்டினாலும் பாரத்தோடு புல்-அப் எடுக்க நான் விடுவதில்லை. அந்த மாதங்களில் இழுக்கும் பயிற்சி இலகு நாள் அளவுக்கு இறங்கி, இஸ்தோப்புக்குள் செய்யக்கூடிய தள்ளும் பயிற்சியும் கால் பயிற்சியும் முன்னுக்கு வரும். பதுளை, அப்புத்தளைப் பக்கம் இதே மாதங்களில் கச்சான் காற்றும் வெயிலுமாக இருக்கும். அங்கே மழை ஐப்பசியிலிருந்து. ஆகவே ஹட்டன்காரருடைய வருடத் திட்டத்தை ஹாலிஎலக்காரர் அப்படியே எடுத்தால் தலைகீழாகிவிடும்.

மார்கழியில் சிவனொளிபாத மலைப் பருவம் தொடங்கி வெசாக் வரை போகிறது. நல்லதண்ணிப் பக்கமாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இரவு முழுக்க ஏறி இறங்கிவிட்டு வந்த வாரம், கால் பயிற்சி செய்யும் நாளை வெட்டிவிட வேண்டும். அது அந்த மாதத்தின் கால் பயிற்சியாகவே கணக்கில் வரட்டும். மாசியில் காமன் கூத்து நடக்கும் தோட்டங்களில் ஆடுகிறவர்களுக்கு இரவுத் தூக்கம் போய்விடும். அந்த நாட்களை நான்காம் வார இறக்கமாக முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம். சம்பளத் திகதிகூட என் கணக்கில் உண்டு. பெரும்பாலும் பத்தாம் திகதிக்கு அப்புறம்தான் வீட்டில் முட்டையும் டின் மீனும் வரும், மாதக் கடைசியில் ரொட்டியும் சம்பலும். கடின வாரங்களைச் சம்பளத்தை ஒட்டி வைத்து, இறக்க வாரத்தை அடுத்த மாத முதல் வாரத்தில் வைத்தால் உடம்புக்கு வேண்டிய நேரத்தில் சாப்பாடு இருக்கும். பருப்பும் சோயாமீட்டும் மாதம் முழுக்க இருக்க முடிந்தால் இன்னும் நல்லது.

கொழும்பில் கடை வேலைக்குப் போன பையன்கள் தீபாவளிக்கு வந்து, பழைய எண்ணிக்கையை அன்றைக்கே எடுக்கப் பார்ப்பார்கள். நான்கைந்து கிலோ கூடியிருப்பார்கள்; புல்-அப்பில் அது நான்கைந்து கிலோ பேக் போட்ட மாதிரி. ஆனால் அவர்களுக்குச் சொல்ல ஒரு நல்ல செய்தி இருக்கிறது. 2011-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பதினாறு வாரம் கால் பயிற்சி செய்தவர்கள், அதன் பிறகு 32 வாரம் மிகக் குறைவாகவே செய்தார்கள். 20 முதல் 35 வயதுக்காரர்களுக்கு, முன்பு செய்ததில் ஒன்பதில் ஒரு பங்கே, வாரத்துக்கு ஒரே நாளில் செய்தாலும், ஏறிய பலம் இறங்காமல் நின்றது. ஏற்றுவதற்குத்தான் நிறைய வேண்டும், காப்பாற்றக் கொஞ்சம் போதும். கடைக்குப் பின்னால் தங்கும் அறையில் ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம் கிடைத்தால் வருடத்தை இழக்க வேண்டியதில்லை.

இறக்க வாரத்தைப் பற்றித்தான் எப்போதும் வாக்குவாதம் வரும். “நல்லாத்தானே போகுது, ஏன் குறைக்கணும்?” தேயிலை மலையில் வளர்ந்தவர்களுக்குக் கவ்வாத்தைக் காட்டினால் போதும். செடி நன்றாகத் தளிர் விட்டுக்கொண்டிருக்கும்போதே, மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை, உயரமான இடங்களில் இன்னும் கொஞ்சம் தள்ளி, முறை வைத்து வெட்டிவிடுகிறார்கள். செடி காய்ந்து போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று யாரும் காத்திருப்பதில்லை. எந்த மலை எந்த வருடம் என்பது முன்பே எழுதியிருக்கும். இறக்க வாரமும் அப்படித் திட்டத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். நோவு வந்த பிறகு ஓய்வெடுப்பதற்குப் பெயர் வைத்தியம். புதிதாகத் தொடங்கியவர்களுக்கு மட்டும் இந்த அவசரம் இல்லை. அவர்கள் தூக்கும் பாரம் இன்னும் அவ்வளவு ஆழமாகக் களைப்பாக்குவதில்லை. மழை நாளும் திருவிழாவும் அவர்களுக்கு வேண்டிய ஓய்வைக் கொடுத்துவிடும்.

இதெல்லாம் ஒரு சி.ஆர். கொப்பி இல்லாமல் நடக்காது. திகதி, எந்தப் படி, எத்தனை செட், எத்தனை தடவை, கையில் இன்னும் எத்தனை மிச்சம், அன்றைக்கு என்ன வேலை செய்தார், எவ்வளவு தூங்கினார். ஒரு வரி போதும். மூன்று மாதக் கொப்பியைப் புரட்டினால் எந்த முறை பொருந்துகிறது என்று அவரவருக்கே தெரியும். எங்கள் அக்காவுடைய முழங்கை நோவின் காரணத்தை நாங்கள் கண்டுபிடித்ததும் கொப்பியில்தான்: நோவு எழுதியிருந்த நாட்களெல்லாம் கொழுந்து 25 கிலோவைத் தாண்டிய நாட்கள்.

அந்தத் தம்பி இப்போது மூன்றாம் படியில் இருக்கிறான். புல்-அப்பில் பேக் ஒன்பது கிலோ வரை போய் நிற்கிறது. ஆடி மழையில் படிக்கட்டு முழுவதும் பாசி. கை வைத்தால் வழுக்குகிறது. அதனால் இந்த மாதம் அவனுக்குக் கடின நாள் இஸ்தோப்புத் திண்டில், திண்டு நாலாம் படி உயரம். கொப்பியில் ‘4, மழை’ என்று எழுதியிருக்கிறான். படி காய்ந்ததும் முதல் வாரம் ஐந்தாம் படியில் இருந்து.